விளிம்பிலிருந்து ஒரு தடிப்புத் தூரம்

கள்ளப்பாட்டுக் கரையில் கவிழ்ந்து கிடந்தது
நிக்சனின் பைபர் போட்.
வலை இழுக்க வசதியென்று
அணியத்தின் அருகே கிறைண்டரால் வெட்டியிருந்தான்,
ஒரு சாண் அகலம், நாலு விரல் ஆழம்.
வெட்டின வாய் மட்டும்
நனைந்த கொப்பிபோல் தாள்தாளாய் விரிந்திருந்தது.
மற்ற இடமெல்லாம் தட்டினால் கணீர்.
இங்கே தட்டினால் இருமல்.

ஒரு துண்டை அறுத்துத் தந்தான்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
வட்டுவாகல் பாலத்துக் குலுக்கலில்
கண்ணாடி நார்கள் உடுப்பில் ஏறி
இரவு முழுக்கத் தொடையைக் கடித்தன.

அறிவியல் நகர். ஆய்வுகூடம். பின்னேரம்.
உருப்பெருக்கியின் கீழ் எட்டுப் படை:
நேராய்ச் சில, குறுக்காய்ச் சில,
நாற்பத்தைந்து பாகையில்
இந்தப் பக்கம் சரிந்தவை, அந்தப் பக்கம் சரிந்தவை.
இழுத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு
ஒடுங்கப் பார்க்கும்.
சரிவுப்படை நன்றாக ஒடுங்கும்.
குறுக்குப்படை மாட்டவே மாட்டேன் என்று நிற்கும்.

நடுவில் இது பிணக்கில்லை.
பக்கத்துப் பொருள் பிடித்து வைத்திருக்கும்.
விளிம்பில் பக்கம் என்று ஒன்றில்லை,
காற்று எதையும் பிடிக்காது.
வெட்டுமுகத்தில் தகைப்பு பூச்சியம்; அது சட்டம்.
அதனால் இவ்வளவு நேரம் பக்கவாட்டில் தீர்ந்த சண்டை
இரண்டு படைகளுக்கு இடையிலுள்ள
மெல்லிய றெசினுக்குள் இறங்குகிறது,
வழுக்கவும்
உரிக்கவும்.

பாடப்புத்தகச் சமன்பாடு இதைக் காணாது.
விளிம்பு வெகு தொலைவில் என்று எடுத்துக்கொண்டுதான்
அது தொடங்குகிறது, முதல் வரியிலேயே.
பரீட்சைக்கு அந்த வரியை நான் பாடமாக்கியிருக்கிறேன்.

கணினியில் வலை விரித்தேன்.
விளிம்பில் முப்பத்தொரு மெகாபஸ்கால்.
வலைக்கண்ணைப் பாதியாக்கினேன்: முப்பத்துமூன்று.
மறுபடி பாதி: முப்பத்தைந்தரை.
மெதுவாகத்தான். ஆனால் நிற்காமல்.
கரண்ட் போய், ஜெனரேற்றர் இருமி, வந்து,
மறுபடி தொடங்கி, முப்பத்தெட்டு.

நிக்சன் போன் எடுத்தான்.
"எத்தினை கிலோ தாங்குமெண்டு சொல்லுங்கோ மிஸ்.
அதுக்கு மேல இழுக்க மாட்டன்."
"எண் நிக்குதில்லை நிக்சன்.
வலைக்கண்ணைச் சின்னதாக்க ஆக்கக் கூடிக்கொண்டே போகுது."
கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.
"அது தடைசெய்த வலை.
பிஸறீஸ்காரன் கண்டால் எரிச்சுப்போடுவான்.
சின்னக் கண்ணில குஞ்சுகுருமன் எல்லாம் படும்,
எண்ணிக்கை கூடத்தானே செய்யும்.
எங்களுக்கு எந்த மீன் வேணுமெண்டு முதல் பாருங்கோ."

சிரித்துக்கொண்டு வைத்தேன்.
பிறகு சிரிப்பு வரவில்லை.

புள்ளியைப் பார்க்காதே.
விளிம்பிலிருந்து ஒரு படைத் தடிப்பு உள்ளே போ,
அந்த இடம் முழுவதற்கும் சராசரி எடு.
பத்தொன்பது.
கண்ணைச் சிறுப்பித்தேன். பத்தொன்பது.
இன்னும் சிறுப்பித்தேன். பத்தொன்பது.
காய்ந்த றெசின் இருபத்திரண்டு தாங்கும்.
உப்புத்தண்ணீரில் மூன்று வருசம் ஊறினது
எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போகாமல் இன்னொன்று செய்து பார்த்தேன்.
அதே எட்டுப் படை, அதே றெசின்.
நடுவிலிருந்த குறுக்குப்படைகளை
வெளிப்பக்கத்துக்கு மாற்றினேன்.
உரித்த தகைப்பு குறி மாறி
அமுக்கத் தொடங்கியது.
ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
யாருக்குப் பக்கத்தில் யார் என்பது மட்டும்.

கட்டி முடிந்த போட்டுக்கு அது உதவாது.
அவனுக்கு எழுதினேன்: விரிந்ததை அறுத்து எறி,
வாயைச் சுற்றி ஒரு துணியை
உள்ளேயும் வெளியேயும் மடித்து ஒட்டு,
பாவாடைக்கரை மடிப்பதுபோல்.

காலையில் ஒரு படம் வந்தது.
மற்றப் பக்கத்திலும் ஒரு வெட்டு, புதிது,
இன்னும் தூசிகூடத் துடைக்கவில்லை.
"இதுவும் வேணும் மிஸ், இழுக்கச் சுகம்" என்று கீழே.
ஆனால் வாயைச் சுற்றித் துணி மடித்திருந்தான்,
கோணலாய், றெசின் வழிய,
அளந்து பார்த்தால் சரியாக ஒரு தடிப்பு உள்ளே வரை.

பத்தொன்பதை
நான் அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.